விண்ணில் உழைப்போரின் உறக்கம்

திருச்சி மன்னார்புரத்தில் குடியிருப்போர் இரவின் எந்த வேளையில் விழித்தாலும் ஏதேனும் ஓர் ஊர்தியின் ஒலி காதில் விழும். சந்திப்பு நிலையத்தை நோக்கி வரும் இரயில் வண்டியின் ஊதல் ஒருபுறம். சென்னைக்கும் மதுரைக்கும் ஓடும் பேருந்துகளின் இரைச்சல் ஒருபுறம். நள்ளிரவு கடந்தபின் புதுக்கோட்டைச் சாலையிலுள்ள விமான நிலையத்திலிருந்து மேலெழும் விமானங்களின் முழக்கம் மற்றொருபுறம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் நம் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் விமானங்கள் அவை. பெரம்பலூரிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வேன் பிடித்து வந்து, வாயிலில் கண்ணீருடன் கையசைத்து வழியனுப்பிய குடும்பங்கள் இவ்விதழின் வாசகரிடையே எத்தனையோ இருக்கும். அந்தக் கூட்டத்தின் ஓரமாக, சக்கரம் வைத்த சிறு பெட்டியை இழுத்துக்கொண்டு, சீருடையணிந்து விரைந்து செல்லும் நாலைந்து பேரை நாம் பார்த்திருப்போம். அவர்கள் எப்பொழுது உறங்கியெழுந்து வந்தார்கள் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டோ?

என் இளைய மகள் அத்தகைய சீருடை அணிபவள். விமானப் பணிப்பெண்ணாக அவள் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த நிறுவனம் என்பது இக்கட்டுரைக்குத் தேவையில்லை. விடுப்பில் அவள் வீட்டிற்கு வரும்போதெல்லாம் உறவினர் கேட்கும் கேள்விகள் மூன்று: எத்தனை நாடு பார்த்தாய், சம்பளம் எவ்வளவு, கலியாணம் எப்பொழுது. அவள் சிரித்துக்கொண்டே மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வாள். பத்து மணி நேரம் கழித்துத்தான் கதவு திறக்கும். "பெண்பிள்ளை இப்படிப் பகலெல்லாம் தூங்கலாமா?" என்று என் தமக்கை ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "அக்கா, இவரும் முப்பது வருசம் இப்படித்தான் தூங்கினார்" என்றாள்.

அது உண்மை. நான் இரயில்வேயில் 38 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். நீராவி இஞ்சினில் பயர்மேனாகத் தொடங்கி, சரக்கு வண்டி ஓட்டுநராக முடித்தேன். சரக்கு வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. நள்ளிரவு ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ 'கால் பாய்' வந்து வாசற்கதவைத் தட்டுவார். அவர் நீட்டும் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். நேற்று இரவுப் பணி, இன்று விடியற்காலைப் பணி, நாளை நடுப்பகல் பணி. ஆகவே, என் மகளின் பணிப்பட்டியலை முதன்முதலாகக் கைத்தொலைபேசியில் அவள் காட்டியபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. தண்டவாளம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

வளைகுடா நாட்டிற்குச் சென்று உடனே திரும்பும் பணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்குமுன் தலைவாரி, ஒப்பனை செய்து, சீருடை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குப் புறப்பாடு. நான்கு மணி நேரம் பறந்து, ஒரு மணி நேரம் தரையில் நின்று, வேறு பயணிகளை ஏற்றிக்கொண்டு மீண்டும் நான்கு மணி நேரம். தன் அறைக்கு அவள் திரும்பும்போது தெருவில் பள்ளிப்பிள்ளைகள் போய்க்கொண்டிருப்பார்கள். ஊர் விழித்தெழும் வேளையில் அவள் படுக்க வேண்டும்.

படுத்தால் உறக்கம் வருமா? அதுதான் சிக்கல். மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது சூரியனைக் கண்டு ஓடுவது, பணிப்பட்டியலைக் கண்டு ஓடுவதன்று. பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடலின் வெப்பம் தாழ்ந்து, கவனம் மங்கி, கை கால் தளரும். அந்த வேளையை விமானத்துறையினர் தனியே பெயரிட்டு, ஆபத்தான நேரமென்று குறித்து வைத்திருக்கிறார்கள். இரயில்வேயில் எங்களுக்குப் பெயரெல்லாம் தெரியாது. 'மூணு மணி மயக்கம்' என்போம். அவ்வேளையில் விழித்திருப்பவனை உடல் உறங்கு என்கிறது. பகலில் உறங்கப் போனால் எழு என்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபறி நடந்தால் வயிறு கெடும், மனம் சோரும், பெண்களுக்கு மாதச் சுழற்சியும் பிறழக்கூடும். உடலின் இக்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியை, பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2007ஆம் ஆண்டிலேயே சேர்த்தது. 2019இல் அதை மீண்டும் உறுதி செய்தது.

விமானத்தின் உட்புறமும் நம் வீட்டுக் கூடம் போன்றதன்று. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருப்பதற்கு இணையாகத் தாழ்ந்துவிடுவதுண்டு. அதாவது, உதகமண்டலத்தைவிடச் சற்று உயரமான இடத்தில் எட்டு மணி நேரம் தள்ளுவண்டி தள்ளி வேலை செய்வதற்குச் சமம். காற்றில் ஈரமும் மிகக் குறைவு. கண் எரியும், உதடு வெடிக்கும். பயணி ஒருமுறை அனுபவித்து மறந்துவிடுகிறார். அவள் வாரத்தில் நான்கு நாள் அனுபவிக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேநீர் கொடுப்பதற்காகவே விமானத்தில் பணிப்பெண்களை வைத்திருக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். ஐம்பது இருக்கைகளுக்கு ஒருவர் வீதம் அவர்கள் இருந்தே தீரவேண்டும் என்று விதி வகுத்திருப்பது தேநீருக்காக அன்று. தீப்பிடித்தால் அணைப்பதற்கு, மாரடைப்பு வந்தவருக்கு முதலுதவி செய்வதற்கு, விபத்து நேர்ந்தால் பயணிகளை வெளியேற்றுவதற்கு. ஒரு விமான வகைக்குச் சான்று வழங்குமுன், பாதி வாயில்கள் மட்டுமே திறந்த நிலையில் 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டுமாம். அந்த 90 விநாடிகள் வாழ்நாளில் ஒருமுறையும் வராமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் அது இன்றே வரும் என்பதுபோல் அவள் விழிப்பாயிருக்க வேண்டும். அதையும் முகத்தில் காட்டாமல்.

அந்த முகத்தைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. இஞ்சினில் நான் கடுகடுவென்று இருந்தால் கேட்பாரில்லை. கரி பூசிய முகத்தில் சிரிப்பை எவரும் தேடவில்லை. என் மகளுக்கோ சிரிப்பே சீருடையின் ஒரு பகுதி. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்னும் அம்மையார், அந்நாட்டு விமானப் பணிப்பெண்களிடையே ஆய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். கை உழைப்பு, மூளை உழைப்பு என்பனபோல, உணர்ச்சியையே விற்பனைக்குக் கொடுக்கும் உழைப்பு ஒன்று உண்டு என்பதும், சினத்தை விழுங்கிச் சிரிப்பை வரவழைத்துக் காட்டும் அவ்வுழைப்பும் ஆளைக் களைப்படையச் செய்யும் என்பதும் அவர் கண்டது.

என் தாயார் இறந்த நாளில் அதைக் கண்ணால் கண்டேன். மகள் அப்பொழுது வளைகுடாவில் விமானம் தரையிறங்கியிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தாள். தொலைபேசியைத் திறந்ததும் செய்தியைப் பார்த்துவிட்டாள். தூக்கி வளர்த்த பாட்டி. "எனக்கு முடியவில்லை" என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆள் குறைவால் விமானம் நிற்கும், தானும் அந்நிய ஊரில் தங்க நேரும், அடக்கத்திற்கு வந்து சேர முடியாது. ஒன்றும் சொல்லவில்லை. 180 பேருக்கு உணவு பரிமாறினாள். இனிப்புப் போதவில்லை என்று அதட்டிய ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பயணிகள் இறங்கும்போது வாயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினாள். மறுநாள் பிற்பகல் மன்னார்புரம் வந்து பாட்டியின் காலடியில் அமர்ந்தவள் அழவில்லை. கலங்கிப்போன என் மனைவி ஏனென்று கேட்டதற்கு, "சிரிப்பு இன்னும் இறங்கவில்லையம்மா" என்றாள். மூன்றாம் நாள் சமையலறையில் பாத்திரம் கழுவுகையில் அழத் தொடங்கி, நெடுநேரம் அழுதாள்.

இதெல்லாம் ஒரு வீட்டின் துயரம். ஆனால் விமானத்தில் களைப்பு என்பது ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் காலை ஆறு மணியளவில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர். விசாரணை மன்றத்தின் அறிக்கை வெளிவந்தபோது பத்திரிகைகளில் படித்தேன். தலைமை விமானி, பயணத்தின்போது ஒரு மணி நாற்பது நிமிடத்திற்கு மேல் உறங்கியிருந்தார். அறையின் ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தமே கேட்டது. இறங்கும் வேளையில் விழித்துக்கொண்டார். ஆனால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவனுக்குச் சிறிது நேரம் அறிவு தெளியாது. சரியான முடிவெடுக்க இயலாது. துணை விமானி, இறங்க வேண்டாம், மீண்டும் மேலே எழுவோம் என்று மூன்று முறை சொல்லியும் பயனில்லாது போயிற்று. வேறு காரணங்களும் உண்டு. ஒரு விபத்துக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. எனினும் அந்தக் குறட்டையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பின்னிரவு மூன்று மணிக்கு விருத்தாசலம் பாதையில் கண்ணிமை கனத்துச் சரிந்த இரவுகளை நான் அறிவேன். இறந்த விமானியைக் குடிகாரனைப்போல் ஏசியவர்கள் அந்நாளில் உண்டு. அப்படி ஏச என்னால் முடியவில்லை.

குடியைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம் நாட்டில் விமானிகளும் பணிப்பெண்களும் பணிக்கு முன் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். மதுவின் வாடை துளி இருந்தாலும் பறக்க முடியாது. நல்ல விதி. ஆனால் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவருடையதைப்போல் தடுமாறும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டில் சாலையில் வண்டியோட்டுபவருக்கு அனுமதித்துள்ள அளவு 0.03தான்! மதுவை ஊதிப் பார்க்கக் குழாய் இருக்கிறது. களைப்பை ஊதிப் பார்க்க எந்தக் குழாயும் இல்லை. களைத்தவர் தாமே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அவ்வாறு சொல்வதற்குத்தான் அஞ்சுகிறார்கள். சொன்னால் அன்றைய பறத்தல் படி போகும். மேலிடத்தில் பெயர் கெடும். பதவி உயர்வின்போது யாரேனும் நினைவில் வைத்திருப்பார்கள். எங்கள் இஞ்சினில் பிற்காலத்தில் ஒரு கருவி பொருத்தினார்கள். ஒரு நிமிடம் ஓட்டுநரின் கை எதிலும் அசையாவிட்டால் விளக்கெரியும், பிறகு மணியடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். விமானத்தை அப்படி வானத்தில் நிறுத்த முடியாது. ஆகவே, களைத்தவரைத் தரையிலேயே நிறுத்த வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரயில்வேயில் ஓய்வு எப்படி வந்தது என்பதை மூத்த ஓட்டுநர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு, பதினாறு மணி நேரம் இஞ்சினில் நின்ற காலம் உண்டு. 1973இல் நாடெங்கும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பின்னரே பத்து மணி நேரப் பணி என்ற உறுதிமொழி கிடைத்தது. அவ்வுறுதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கதை. அதைப் பேசினால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

விமானத்துறையிலும் அதே கதைதான். 2024 சனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானிகளின் ஓய்வுக்கான விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என வரையறுக்கப்பட்டது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அவ்வாண்டு சூனில் நடைமுறைக்கு வரவேண்டிய விதிகள், நிறுவனங்களின் முறையீட்டால் தள்ளிப்போடப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 சூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில் வந்தன. டிசம்பர் பிறந்ததும் என்ன நடந்தது என்பது வாசகருக்கு நினைவிருக்கும். நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ, புதிய விதிக்கேற்ப விமானிகளைத் திட்டமிடத் தவறியதால், சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. நிலையங்களில் மக்கள் பெட்டிகளின்மேல் படுத்துக் கிடந்தனர். முடிவில் அந்நிறுவனத்திற்குச் சில இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி வரை தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது.

அந்நாட்களில் எங்கள் தெருவில் எல்லோரும் விமானிகளின் ஓய்வைத்தான் சபித்தார்கள். சென்னையில் திருமணத்திற்குப் போக முடியாத ஒருவர், "இவர்களுக்கு எதற்கு இரண்டு நாள் தூக்கம்?" என்று என்னிடமே கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்த வருத்தம் அவருக்கு, நான் கோபிக்கவில்லை. ஆனால் மங்களூரின் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். இந்த விதிகளெல்லாம் விமானிகளுக்கே என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் விதிகள் வேறு. அவர்களைப் பற்றிய பேச்சும் குறைவு.

பேச்சு குறைவு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூசை விடுமுறை. மாலை 5.40 மணியளவில் சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுற்றது. உள்ளே 140க்கு மேற்பட்ட பயணிகள். நிறைந்த எரிபொருளோடு இறங்குவது ஆபத்து. அவ்வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடவும் வழியில்லை. எனவே எரித்தே தீர்க்கவேண்டி, இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நம் வட்டாரத்தின்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மன்னார்புரத்தில் மொட்டைமாடிகளில் மக்கள் நின்று அண்ணாந்து பார்த்தனர். என் மனைவி செபமாலையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்துவிட்டாள். அடுத்த வீட்டு இந்துப் பெரியவர் அருகிலிருந்து கந்தனை அழைத்தார். இரவு 8.15 அளவில் விமானம் நலமாக இறங்கியது. ஊர் முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. விமானிகளை முதலமைச்சர் முதல் அனைவரும் பாராட்டினர், பாராட்டத் தக்கவர்களே.

அன்றிரவு மகள் தொலைபேசியில் பேசினாள். "உள்ளே இருந்த பணிப்பெண்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா, அப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் காதில் விழவில்லை. அந்த இரண்டரை மணி நேரமும் இருக்கையிடையே நடந்து, "ஒன்றுமில்லை ஐயா, இறங்கிவிடுவோம்" என்று நூற்றுக்கணக்கான முறை சொல்லியிருப்பவர்கள் அவர்கள். தமக்கு அச்சமில்லையா? தமக்கு வீட்டில் குழந்தை இல்லையா?

குழந்தை என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது; நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது. ஏர் இந்தியாவில் பணிப்பெண் முதன்முறை கருவுற்றாலே வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. நர்கிஸ் மீர்சா என்னும் பணிப்பெண்ணும் உடனுழைத்தோரும் வழக்காடி, 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது. தாய்மையைக் குற்றமாக்கிய விதி போயிற்று. பணியில் சேர்ந்த நான்காண்டுக்குள் மணம் செய்யக்கூடாது என்பதை மட்டும் அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. இன்று நாம் மகளிடம் கலியாணம் எப்பொழுது என்று கேட்பது எளிது. அவளுக்கு உறங்க ஒரு வீடும் விழித்திருக்க ஒரு துணையும் அமையுமா என்பதைக் கேட்பவர் யார்?

எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். அவள் அறையின் சன்னலுக்குக் கறுப்புத் திரை. அவள் உறங்கும்போது அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றிவிடுவேன், பால்காரருக்கும் சொல்லியாயிற்று. எழுந்து வந்தவளிடம் ஒரு மணி நேரத்திற்குக் கேள்வி கேட்பதில்லை. ஞாயிறு காலை வரமுடியாதபோது சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் செல்கிறாள். ஒன்பது ஆண்டுகளில் இரண்டு முறைதான் கிறிஸ்து பிறப்பு விழாவில் வீட்டிலிருந்தாள். ஆகையால் எங்களுக்கு விழா, பட்டியல் விடும் நாளில்தான். ஒரு வருடம் சனவரி 9ஆம் நாள் பலகாரம் சுட்டோம். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

சென்ற மாதம் ஒரு செவ்வாயன்று நண்பகல் அழைத்தாள். தொடர்ந்து மூன்று இரவுப் பணி முடித்து, நான்காவதற்குச் சீருடை உடுத்திய பிறகு, சட்டைப் பொத்தானைச் சரியான துளையில் போட முடியாமல் இரண்டு முறை தவறியதாம். உட்கார்ந்து, களைப்பினால் பணிக்குத் தகுதியாக இல்லை என்று முறைப்படி எழுதி அனுப்பிவிட்டாளாம். ஒன்பது ஆண்டில் முதன்முறை. என் மனைவி, "சம்பளத்தில் பிடிப்பார்களா?" என்று கேட்டாள். "படி போகும். விளக்கம் கேட்டு எழுதுவார்கள் போலிருக்கிறது" என்றாள். நான் தொலைபேசியை வாங்கி, எழுதியதன் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு, "போய்ப் படு, பாப்பா" என்றேன். அவள் சரி என்றாள். விளக்கம் கேட்கும் கடிதம் நான்காம் நாள் வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நாங்கள் இருவரும் தொலைபேசியில் இரண்டு மாலை பேசி, பத்து வரியில் எழுதி முடித்தோம். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு விழித்தாள் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.